குறி பார்க்கிற வீடு

அம்மு முதன்முதலாக அசோகன் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு தட்டோடு. தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு எலுமிச்சம்பழம். அவள் விம்கோ நகருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் கிருஷ்ணப்பனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. "அந்த மாடி வூட்ல ஞாயித்துக்கெழமையானா புருஷனும் பொண்டாட்டியும் குறி பாக்குறாங்க" என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் சொன்னது துப்பாக்கிக் குறி. அம்மு எடுத்துக்கொண்டது சாமிக் குறி.

கதவைத் திறந்த சங்கமித்ரா தட்டைப் பார்த்தாள். பிறகு தட்டுக்குப் பின்னால் அழுத முகத்தோடு நின்றவளைப் பார்த்தாள்.

"இன்னாம்மா?"

"மூக்குத்தி காணோம்க்கா. கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டது. நீங்க குறி பாக்குறீங்கன்னு சொன்னாங்க. நேத்துலேர்ந்து சோறு எறங்கல."

கூடத்துச் சுவரில் அம்பேத்கர் படம், அதற்குக் கீழே மரப் பலகையில் சின்ன புத்தர். சூடம் கொளுத்தி அறியாத வீடு. வேறு யாராவது இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சங்கமித்ராவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கடைசியா மூஞ்சி எங்க கழுவுன?"

"சமையல் கட்டு சிங்க்லதான். மீன் கழுவிட்டு அப்படியே..."

"சிங்க்குக்குக் கீழ பைப்பு வளைஞ்சி போவுது பாரு, அத்த கழட்டச் சொல்லு ஒன் வூட்டுக்காரர. அடியில பக்கெட்டு வெச்சிக்கோ."

அரை மணி நேரத்தில் மூக்குத்தி கிடைத்துவிட்டது. சங்கமித்ரா எத்தனையோ முறை விளக்கிவிட்டாள், அது குறியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, குழாய் புத்தி என்று. அம்மு கேட்கவில்லை. "அக்கா குறி தப்பாது" என்பது அவள் வாயில் ஒட்டிக்கொண்டது.

புருஷன் பெண்டாட்டி பெயரைக் கேட்டாலே தெருவில் ஒரு சிரிப்பு உண்டு. பெண் பார்க்க வந்தபோதே ஒரு பெரியவர் இழுத்தாராம், "அசோகருக்கு சங்கமித்திரை மக ஆச்சே, இது எப்படி சரிப்படும்?" என்று. மாப்பிள்ளை அசோகன் தலையைக் குனிந்துகொண்டு இருக்கவேண்டிய இடத்தில் பதில் சொல்லிவிட்டான். "அவரு ராஜா. பொண்ண கப்பலேத்தி இலங்கைக்கு அனுப்பிட்டாரு. நான் ஹார்பர்காரன். எத்தினி கப்பல் வந்தாலும் இவள ஏத்த மாட்டேன்." உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுத்தான் சரி என்றாளாம்.

துப்பாக்கி வந்த கதை வேறு. கல்யாணமான புதிதில் இருவரும் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனார்கள். பலூன் சுடுகிற கடையில் அசோகன் சுட்டுச் சுட்டுப் பார்த்தான், ஒரு பலூனும் வெடிக்கவில்லை. கூட்டம் சிரித்தது. சங்கமித்ரா பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தவள், முகாமில் சுட்டுக் கோப்பை வாங்கியவள். அந்தச் சேதியை அதுவரை புருஷனிடம் சொல்லியிருக்கவில்லை. துப்பாக்கியை வாங்கிக் குழலை ஒரு கண்ணால் நீளப் பார்த்தாள். "குழலு வலப்பக்கம் வளைஞ்சி கீது" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் தள்ளிப் பிடித்து வரிசையாக வெடித்தாள். கடைக்காரன் முகம் போன போக்கை அசோகன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "குறி தப்பிச்சின்னா ஒடனே ஒன்ன சந்தேகப்படாதய்யா. மொதல்ல துப்பாக்கிய சந்தேகப்படு."

இந்த ஒரு வாக்கியத்தை அவன் வாழ்க்கை முழுக்கப் பிடித்துக்கொள்வான் என்று அவள் நினைத்தாளா என்ன.

மகள் ஷாலு வேலூரில் நர்சிங் படிக்கப் போனாள். வீடு திடீரென்று அகலமாகிவிட்டது. அப்போதுதான் அசோகன் ஒரு ஏர்கன் வாங்கி வந்து பெண்டாட்டி கையில் கொடுத்தான். ஸ்பிரிங் வைத்த, ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி இழுக்கிற வகை. "ஒனக்குத்தான்" என்றான். சங்கமித்ரா வாங்கி, தோளில் வைத்து, மாடிக்கு ஏறிவிட்டாள். பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தபோதுகூட அவளுக்கு அப்படி ஒரு முகம் வந்ததில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி மணல் மூட்டைகள், அதற்கு முன்னால் ஒரு பலகை, பலகை மேல் சோடா மூடிகள். இந்தக் கோடியிலிருந்து சுடவேண்டும். தோற்றவர் அன்றைய மீனை ஆயவேண்டும். மீன் என்றால் வஞ்சிரம் இல்லை, நெத்திலி. ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக் குடல் எடுத்துக் கழுவி முடிப்பதற்குள் முதுகு போய்விடும். தண்டனைக்கென்றே அசோகன் காசிமேட்டில் தேடி நெத்திலி வாங்கி வருவான், கடைசியில் பெரும்பாலும் அவனே ஆய்வான்.

தோற்றுத் தோற்றுத்தான் ஸ்கோப் பைத்தியம் பிடித்தது. துப்பாக்கி மேல் பூட்டுகிற தூரக்கண்ணாடி. ஏர்கன்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர், மதுரை என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். அதில் எல்லோரும் எழுதுவார்கள். அசோகன் மட்டும் குரல்தான். அவன் குரலுக்கென்றே ரசிகர்கள் உண்டு.

முதல் ஸ்கோப்பைப் பற்றி அவன் பேசி அனுப்பியது இது: "பாஸ், இத்த மட்டும் வாங்கிடாதீங்கோ. இது பெரிய ரைபிளுக்கு செஞ்ச ஸ்கோப்பு. பெரிய துப்பாக்கி பின்னால மட்டும்தான் ஒதைக்கும். நம்ம ஸ்பிரிங் துப்பாக்கி மொதல்ல பின்னால ஒதைக்கும், அப்பால முன்னால இஸ்க்கும். ரெண்டு பக்கமும் அடி வாங்கினா எவன் தாங்குவான்? உள்ள கீற குறுக்குக் கம்பி சாஞ்சி பூட்ச்சி. குடிகாரன் கணக்கா நிக்கிது."

இரண்டாவது ஸ்கோப்பின் கம்பி சாயவில்லை. ஸ்கோப்பே நகர்ந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரிழை பின்னால் போய்ப் போய், மாதக் கடைசியில் அசோகனின் புருவத்தை முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. "இது ஸ்கோப்பு இல்ல பாஸ், முத்தம் குடுக்க வர்து" என்று அனுப்பினான். மதுரைக்காரர் ஒருவர் தடுப்பு ஆணி போடச் சொன்னார். போட்டதில் அது தப்பித்தது, ஆனால் பத்துக் கெஜத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று அதையும் கழற்றினான்.

மூன்றாவதுதான் உருப்படியானது. ஏர்கனுக்கென்றே செய்தது. முன் வளையத்தைத் திருப்பினால் கிட்டத்து மூடியும் துல்லியமாகத் தெரியும். பின் வளையம் கண்ணுக்கு. அதில்தான் சண்டை. அசோகன் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்தால் சங்கமித்ராவுக்குக் குறுக்குக் கம்பி மசமசவென்று தெரியும். அவள் திருப்பினால் இவனுக்குத் தெரியாது. "யோவ், ஒன் கண்ணுக்கு ஒரு வழி, என் கண்ணுக்கு ஒரு வழியா?" என்று அவள் கத்த, அசோகன் ஷாலு விட்டுப்போன நெயில் பாலிஷ் டப்பாவைக் கிளறி இரண்டு பாட்டில் எடுத்து வந்தான். பின் வளையத்தில் அவனுக்குச் சிவப்புப் பொட்டு, அவளுக்குப் பச்சைப் பொட்டு. ஸ்கோப்பின் உடம்பில் கிழித்த கோட்டுக்கு நேரே அவரவர் பொட்டைக் கொண்டுவந்து சுடவேண்டும். பச்சை நெயில் பாலிஷை எந்தத் தைரியத்தில் ஷாலு வாங்கினாள் என்று தெரியவில்லை, ஆனால் அதற்கு ஒரு பயன் கிடைத்தது.

அசோகனின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டின கன்டெய்னர் யார்டில் அவன் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். முன்னால் நீண்ட கை உள்ள ராட்சச வண்டி. அந்தக் கையின் நுனியில் ஒரு சட்டம், சட்டத்தின் நாலு மூலையிலும் நாலு கொக்கி. கொக்கிகள் கன்டெய்னரின் நாலு மூலைத் துளையில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முறுக்கிப் பூட்டித் தூக்கலாம். மூன்று உட்கார்ந்து ஒன்று தப்பினால் தூக்கும்போது பெட்டி சாயும். கீழே நின்று சைகை காட்டுகிறவன் பிலால், அசோகனின் ராயபுரத்துச் சிநேகிதர் ஜாபரின் மருமகன். அசோகன் ஏறினால் சைகையே வேண்டாம், ஒரே இறக்கில் டக்கென்று உட்காரும் என்று யார்டில் பேச்சு. ஓய்வு நேரத்தில் வேறு ஓட்டுநர்கள் நின்று பார்ப்பார்கள்.

மழைக்காலம் முடிந்து வெயில் தெளிந்த பிறகு ஸ்கோப்பைப் பற்றிய புகார் மறுபடி தொடங்கியது.

"உள்ள பனி ஏறிக்கீது" என்றான் அசோகன். "கடக்காத்து. சீல் பூட்ச்சி. புகை மூட்டமா தெர்து."

சங்கமித்ரா பச்சைப் பொட்டில் வைத்துப் பார்த்தாள். சோடா மூடியின் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தவள், வளையத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சிவப்புப் பொட்டு இருந்த இடத்தில் துடைத்த கறை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு, அதுவும் பாதி சுரண்டியது. அதற்கும் அப்பால் புதிதாக ஒன்று. பச்சை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. சிவப்பு மட்டும் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு அவன் கண்மேல் சந்தேகம் வந்தது. அவன் அப்பாவுக்கும் சர்க்கரை, இவனுக்கும் சர்க்கரை. தட்டில் சோறு போடும்போது உற்று உற்றுப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. பேப்பர் படிக்கிறான், மீனில் முள் எடுக்கிறான், பைக் ஓட்டுகிறான். கேட்டால் கோபப்படுவான். அதனால் அவள் கேட்கவில்லை. பதிலுக்கு ஒரு காரியம் செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு மூடிதான் தட்டினான். அவள் ஒன்று தட்டிவிட்டு மற்றதையெல்லாம் மணல் மூட்டைக்கு அனுப்பினாள்.

"இன்னாடி, ஒனக்கும் பனியா?" என்றான் அவன், சந்தோஷத்தை மறைக்க முடியாமல்.

"ஆமாய்யா, ஒரே பனி" என்றாள். அன்று நெத்திலி ஆய்ந்தது அவள். அடுத்த வாரமும் அவள்தான்.

அதற்கு மறு வாரம் அசோகன் ஸ்கோப்பைத் துணியில் சுற்றி ராயபுரத்துக்கு ஜாபரிடம் அனுப்பினான். ஜாபர் கப்பல் உடைத்த சாமான் வியாபாரி. கப்பல் பைனாகுலர், திசைகாட்டி, பித்தளை விளக்கு எல்லாம் அவர் கடையில் கிடக்கும். கண்ணாடி துடைப்பதில் கைதேர்ந்தவர். மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்கோப்போடு அவரே வந்தார், கையில் ஒரு பொட்டலம் அத்தோ, பர்மா நூடுல்ஸ். அசோகன் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை என்று தெரிந்துதான் வந்திருந்தார்.

"வாங்க அண்ணா. ரஹீமுன்னிசா அண்ணி சௌக்கியமா?"

"நல்லா கீறாம்மா. அத்தோவ ஆறதுக்குள்ள துன்னு." நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கோப்பைத் துணியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் குடித்தார். "இதுல ஒண்ணியும் இல்லம்மா. கண்ணாடி பளிச்சுனு கீது. கடைக்கு எதிர்ல சர்ச்சு கோபுரத்துல குந்திகினு கீற புறாவோட கண்ணு தெர்து எனக்கு."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

சங்கமித்ரா பின் வளையத்தைத் திருப்பி அவரிடம் காட்டினாள். ஜாபர் மூன்று சிவப்பையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"அப்ப நான் சொல்ல வந்தத சொல்லிட்றேன்" என்றார். "பிலாலு சொல்லக் கூடாதுன்னுதான் கீறான். பொண்ணு கைல சொல்லி, பொண்ணு என்கைல சொல்லிச்சி. போன வாரம் ஒரு பொட்டிய தூக்கும்போது ஒரு கொக்கி துளையில குந்தல. அசோகன் பாக்கல. பொட்டி சாஞ்சிருக்கு. பிலாலு கத்திகினே நவுந்துட்டான். இல்லன்னா..." அவர் கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டிவிட்டு நிறுத்தினார். "அசோகன் மாமு கைல எதுவும் கேக்காதீங்கன்றான். துளையில துரு, கொக்கி வழுக்கிச்சின்னு சூப்பர்வைசர்கைல அவனே சொல்லிக்கீறான். அசோகன்னா அவனுக்கு உசுரு. எங்க பேத்தி சைமாவுக்கு இன்னும் பல்லு மொளைக்கலம்மா. நான் இன்னா பண்றது? தோஸ்த வுட்டுக் குடுக்கறதா, மருமவன வுடுறதா?"

சங்கமித்ராவின் கையில் அத்தோ பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. தான் இரண்டு வாரமாக மணல் மூட்டையைச் சுட்டது அவள் நினைவுக்கு வந்தது. பாவம் பார்த்து அவன் பொய்க்குத் தானும் முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று சுருக்கென்று உறைத்தது.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பொறுங்கண்ணா" என்றாள். "அதுவரிக்கும் பிலால வேற வண்டிக்கு மாத்திக்கச் சொல்லுங்க. இவருக்கு நைட் ஷிப்ட்டு இல்ல, நாளைலேர்ந்து நானே ஒடம்பு சரியில்லன்னு லீவு போட வெக்கிறேன். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நான் சொல்ற விதத்துல சொல்றேன்."

தனக்குக் காலில் சுளுக்கு, கூட ஆள் வேண்டும் என்று சொல்லி அவனை இரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்தாள். உண்மையில் சுளுக்கு எதுவும் இல்லை, அவன் பார்க்கும்போதெல்லாம் காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி சமைக்கிறவள். அசோகன் பைக்கை எடுத்துவிடக் கூடாது என்று, அவன் எழும் முன்பே பள்ளிக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். ரவை கிண்டிக்கொண்டே யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பிரமாதமாக இருந்தது. மணலி ஆலைப் பக்கத்திலிருந்து வரும் நாற்றம் இல்லை, கடற்காற்று. கீழே சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாடியில் பேசினில் நெத்திலி, மேலே ஒரு தட்டு மூடி. பக்கத்து மாடியில் அம்மு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அசோகன் முதலில் சுட்டான். பின் வளையத்தைக் கடைசிவரை திருகிவிட்டான், இனி அது போக இடமில்லை. ஒரு மூடிகூட விழவில்லை. கடைசிக் குண்டு பலகையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது.

"ஜாபரு பாய் கைல குடுத்தும் வேலைக்கு ஆவல" என்றான். "பனி போவவே இல்ல. இதுக்கு ஒரு வாய்ஸு போட்டு வுட்றேன் குரூப்புல. துட்டு வாங்கிகினு இன்னா பொருள் குடுக்கறானுங்க."

"கொஞ்சம் இருய்யா. நான் சுட்டுட்டு வர்றேன், அப்பால போடு."

சங்கமித்ரா வளையத்தைப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். குழலை மடக்கினாள். குண்டு போட்டாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அழுத்தினாள். முதல் மூடி போனது. மடக்கினாள், போட்டாள், அழுத்தினாள். இரண்டாவது போனது. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அன்று அவள் இரக்கப்படவில்லை. பலகை காலியாகும்வரை நிறுத்தவில்லை.

"அக்கா குறி தப்பாது!" என்று பக்கத்து மாடியிலிருந்து கை தட்டினாள் அம்மு. இந்த மாடியில் யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். விவரமான பெண்.

அசோகன் காலிப் பலகையைப் பார்த்தான்.

"அப்ப போன வாரம்?"

"சொம்மா வுட்டேன்."

"அதுக்கு முந்துன வாரம்?"

"அதுவும்."

"என்ன டபாய்ச்சிகினு இருந்தியா? கொயந்தைக்கு வுட்டுக்குடுக்கற மாரி?" தோற்றதைவிட ஜெயித்ததுதான் அவனுக்கு வலித்தது. "எத்தினி சந்தோசமா இருந்தேன் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வுட்டேன். தப்பு பண்ணிட்டேன்." துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். "தெருவே என்கைல குறி கேக்க வர்து. நீ கேக்கல. கேக்காமயே சொல்றேன், கேட்டுக்கோ. ஸ்கோப்புல பனி இல்ல. ஒன் வலது கண்ணுல கீது. செவப்புப் பொட்டு நவுந்து நவுந்து இப்ப திருகறதுக்கே எடமில்ல. வளையத்துல எடமில்லன்னா வண்டியில மட்டும் எங்கேர்ந்து எடம் வரும்?"

"நீதான்டி சொன்ன, குறி தப்பிச்சின்னா மொதல்ல துப்பாக்கிய சந்தேகப்படுன்னு."

"மொதல்லன்னுதான்யா சொன்னேன்! மூணு ஸ்கோப்பு மாத்தியாச்சி. எத்தினி மொதல்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் போய்க் குந்தினான்.

"பிலாலு சொன்னானா?"

"அவன் சொல்லல. துருன்னு பொய் சொல்லி ஒன்ன காப்பாத்திக்கீறான். சைமா ஆளாயி, எங்க நைனா எங்கன்னு கேட்டா, துளையில துருன்னு சொல்லுவியா?"

கீழே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"எனக்குத் தெரியும் மித்ரா" என்றான். "பாத்ரூம்ல ஒத்தக் கண்ண மூடிகினு பல்ப பாப்பேன். இடது கண்ணுல பல்பு. வலது கண்ணுல சாம்பிராணி போட்ட மாரி. ஸ்கோப்புன்னு நெனைச்சிகினா அது ஸ்கோப்போட போயிரும்னு பாத்தேன். வண்டிய வுட்டு எறக்கிட்டாங்கன்னா நான் யாருடி? மேல குந்திகினு கை புடிச்சா நாலு கொக்கியும் ஒண்ணா எறங்கும், டக்குனு ஒரு சத்தம். அந்த சத்தம் கேட்டா எனக்கு சோறு வேணாம். யார்டு கேட்டுல நிக்க வெச்சா செத்துருவேன்."

"கேட்டுல நின்னா சாவ மாட்ட. பொட்டி வுயுந்தா சாவான் ஒருத்தன்." அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. "எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா. புரைன்னா எடுத்துட்டு வேற லென்ஸு வெப்பாங்கன்னு ஷாலு சொல்லிச்சி."

"ஷாலுகிட்டயும் சொல்லிட்டியா?"

"பின்ன, ஒன் வாட்ஸ்அப் குரூப்புலயா போய் கேப்பேன்?"

இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான், இரண்டு கண்ணையும். பிறகு எழுந்து போய், தோற்றவன் என்கிற முறையில், நெத்திலி பேசினை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளும் எதிரில் உட்கார்ந்து கையை விட்டாள்.

"நீ ஜெயிச்ச இல்ல? எந்திரி."

"ரெண்டு வாரம் பொய்யா சுட்டதுக்கு இது" என்று தலையைக் கிள்ளினாள் சங்கமித்ரா.

மறுநாள் அசோகன் யார்டுக்குப் போனான். வண்டியில் ஏறவில்லை. நேராக சூப்பர்வைசரிடம் போய், துருவும் இல்லை வழுக்கலும் இல்லை, எனக்கு ஒரு கண் தெரியவில்லை என்று சொன்னான். பிலால் இரண்டடி தள்ளி நின்று அழுதானாம். எதிர்பார்த்தது மாதிரியே கேட்டில் நிறுத்தினார்கள், கன்டெய்னர் சீல் பார்க்கிற வேலை. செத்துவிடவில்லை. ஆனால் யார்டுக்குள் கொக்கி உட்காரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று காதாலேயே சொல்லிவிடுவான் என்று பிலால் ஜாபரிடம் சொன்னான். ஜாபர் அதை ஊரெல்லாம் சொன்னார்.

எழும்பூரில் பார்த்த டாக்டரம்மா, புரை நன்றாக முற்றிவிட்டது, இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார். "ஸ்கோப்ப திட்டிகினே ஓட்டிட்டேங்க" என்றான் அசோகன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. சங்கமித்ராவுக்கு மருந்துச் சீட்டை வாங்குகிற அவசரத்திலும் சிரிப்பு தாங்கவில்லை. சர்க்கரையை இறக்கி, ஆபரேஷன் செய்து, கண்ணில் லென்ஸ் வைத்தார்கள். பச்சை மறைப்புக் கட்டி வந்தவனைப் பார்க்க ஜாபரும் ரஹீமுன்னிசாவும் சைமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மு எலுமிச்சம்பழத் தட்டோடு வந்தாள். இந்தத் தடவை அதைச் சங்கமித்ரா மறுக்காமல் வாங்கி, பிழிந்து எல்லோருக்கும் ஜூஸ் போட்டாள்.

கனமானதைத் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்ற காலமெல்லாம் முடிந்து, டாக்டரம்மா போதும் என்று சொன்ன பிறகுதான் அசோகன் மாடிக்கு ஏறினான். அந்த வாரம் யார்டில் கண் பரிசோதனை. தேறினால் வண்டி. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, சாலையில் நிற்கிற லாரிகளின் பெட்டிகளில் இருக்கிற எழுத்தையும் எண்ணையும் உரக்கப் படித்தான். ஒன்றுவிடாமல் படித்தான். சங்கமித்ரா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தன் கண்ணாலும் சரிபார்த்துக்கொண்டாள்.

"போதும்யா, லாரிக்காரன் போலீஸ்னு நெனைக்கப் போறான். வந்து சுடு."

அவன் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தான். சிவப்பில் வைத்துப் பார்த்தான், எல்லாம் மசமசவென்று தெரிந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினான். இரண்டாவது சிவப்பு தாண்டியது, முதல் சிவப்பின் கறை தாண்டியது. அவன் கை நின்றது. கம்பி கரிக்கோடு போட்டது மாதிரி துல்லியமாக நின்றது. கண்ணை எடுத்து வளையத்தைப் பார்த்தான். பச்சை.

திரும்பி அவளைப் பார்த்தான்.

"இன்னாடி இது. ஒன் கண்ண எனக்கு வெச்சிட்டாங்களா?"

சங்கமித்ரா கிட்டே வந்து பார்த்தாள். பச்சைப் பொட்டு கோட்டுக்கு நேரே இருந்தது. அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"வெச்சா நல்லதுதான். இனிமே என்கைல ஒண்ணியும் மறைக்க முடியாது."

அவன் குறி பார்த்தான். மூச்சை விட்டான், பாதியில் நிறுத்தினான், அழுத்தினான். மூடி அசையவில்லை. இன்னொன்று சுட்டான். அதுவும் மணல் மூட்டைக்குப் போனது. அசோகன் துப்பாக்கியை இறக்கி, ஸ்கோப்பை மேலும் கீழும் பார்த்து, "இந்த ஸ்கோப்பு..." என்று ஆரம்பித்தான்.

சங்கமித்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், நெத்திலி பேசினுக்கு முன்னால் உட்கார்ந்தான்.